ஆளுமைக் கோளாறும் குற்றப் பொறுப்பும்: நீதிமன்றத் தமிழில் அறிதல், உணர்தல், சுவாதீனம்

ஆய்வுச் சுருக்கம்

குற்றம் சாட்டப்பட்டவர் ஆளுமைக் கோளாறு உடையவர் என்று மருத்துவர் சான்றளிக்கும்போது அவருடைய குற்றப் பொறுப்பு குறையுமா என்பது, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக நீதிமன்றங்கள் எதிர்கொண்டுவரும் வினாவாகும். செயலின் தன்மையை அறிந்திருந்தானா என்று சட்டம் கேட்கிறது. ஆளுமைக் கோளாறோ பெரும்பாலும் அறிவைத் தாக்குவதில்லை. உணர்ச்சியையும் தற்கட்டுப்பாட்டையும் பிறரோடு கொள்ளும் உறவையுமே தாக்குகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காத இடத்தில் எழும் சிக்கலை அமெரிக்கா, நார்வே, கனடா, இங்கிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் வழக்குகள் வழி இக்கட்டுரை விளக்குகிறது. சட்டத் தமிழில் வழங்கும் ‘சித்த சுவாதீனம்’ என்னும் தொடர் தற்கட்டுப்பாட்டைச் சுட்டுவதாக இருக்க, அது குறிக்கும் சட்டப்பிரிவு அறிதலை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறது என்பதையும், இந்தப் பொருள் இடைவெளி நீதிமன்றச் சாட்சியத்தில் விளைவிக்கக்கூடிய மயக்கத்தையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச் சொற்கள்: ஆளுமைக் கோளாறு, குற்றப் பொறுப்பு, சித்த சுவாதீனம், உளவியல் சான்று, சட்டத் தமிழ், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

ஒரு செயல் குற்றமாவதற்குச் செயல் மட்டும் போதாது; குற்ற மனமும் வேண்டும் என்பது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. குழந்தையின் செயலும், தன்னை மறந்த நோயாளியின் செயலும் தண்டனைக்குரியன அல்ல என்று சட்டங்கள் விலக்களிப்பது இதனாலேயே. இவ்விலக்கின் எல்லை எங்கே முடிகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. இல்லாத குரல்கள் காதில் கேட்க, அக்குரல்களுக்குக் கட்டுப்பட்டுக் கொலை செய்தவரை விலக்குக்கு உரியவராகக் காண்பதில் தயக்கம் குறைவு. எல்லாம் அறிந்திருந்தும் பிறர் துன்பம் சிறிதும் உறைக்காத ஒருவரை எவ்வாறு காண்பது? அவரது இயல்பே கோளாறுடையது என்று மருத்துவம் கூறுமானால், அவ்வியல்பிலிருந்து பிறந்த செயலுக்கு அவர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார்? இவ்வினாக்களுக்கு நீதிமன்றங்கள் அளித்த விடைகளும், அவ்விடைகள் சில சொற்களின் பொருளைச் சார்ந்து நிற்கும் பாங்கும் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகின்றன.

2. ஆளுமைக் கோளாறு: மருத்துவ வரையறை

ஒருவர் தம்மையும் பிறரையும் நோக்கும் முறை, உணர்ச்சி வெளிப்பாடு, உறவு கொள்ளும் விதம், உந்துதலை அடக்கும் திறன் ஆகியவை அவர் வாழும் சமூகத்தின் எதிர்பார்ப்பிலிருந்து பெரிதும் விலகி, நெடுங்காலம் மாறாமல் நீடித்து, அவருக்கோ பிறருக்கோ துன்பம் விளைவிக்குமானால் அதனை ஆளுமைக் கோளாறு என்பர். இது திடீரென வந்து நீங்கும் நோயன்று. இளமைப் பருவத்திலேயே உருப்பெற்று ஆளோடு ஆளாக வளர்வது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு பத்து வகை ஆளுமைக் கோளாறுகளை மூன்று தொகுதிகளாகப் பகுத்துள்ளது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு, தனித்தனி வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, மிதமானது, நடுத்தரமானது, கடுமையானது என்னும் அளவு வேறுபாட்டை முதன்மைப்படுத்தியுள்ளது. ஒரே துறையின் இரு பெரும் வகைப்பாடுகள் ஒன்றைப் பெயரிட்டுப் பிரிக்க, மற்றொன்று அளந்து பார்க்கிறது என்பது நீதிமன்றம் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

குற்ற வழக்குகளில் அடிக்கடி பேசப்படுவன சமூக விரோத ஆளுமைக் கோளாறும், அதனோடு நெருங்கிய சைக்கோபதி என்னும் நிலையும் ஆகும். பகுத்தறிவு தெளிவாக இருக்க, இரக்கமும் குற்றவுணர்வும் இல்லாத இந்நிலையை 1835இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிச்சர்டு ‘அறப்பிறழ்வு’ எனப் பொருள்படும் பெயரால் சுட்டினார். 1941இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி இதனை விரிவாக வருணித்தார். கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் இதனை அளவிட 20 கூறுகளும் உச்சமாக 40 மதிப்பெண்ணும் கொண்ட பட்டியலை உருவாக்கினார். ஆளுமைக் கோளாறு உடையோரில் பெரும்பாலானோர் குற்றம் எதுவும் புரியாதவர் என்பதையும் உடன் நினைவிற்கொள்ளல் வேண்டும். இல்லையேல் மருத்துவப் பெயர் ஒன்று வசைச் சொல்லாகிவிடும்.

சமூக விரோத ஆளுமைக் கோளாற்றில் தருக்கச் சிக்கல் ஒன்று உள்ளது. சட்டத்தை மீறுதல், ஏமாற்றுதல், வன்செயல் ஆகியவையே அக்கோளாற்றின் அறிகுறிகளாகப் பட்டியலிடப்படுகின்றன. அவ்வாறாயின், குற்றம் செய்தமையால் கோளாறு உண்டு என்றும், கோளாறு உண்டு ஆதலால் குற்றம் நேர்ந்தது என்றும் கூறுவது வட்டமாகச் சுழலும் வாதமாகிறது. அமெரிக்கச் சட்டக் கழகம் 1962இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டம், திரும்பத் திரும்பக் குற்றம் புரிவதால் மட்டுமே வெளிப்படும் பிறழ்வை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்க்கலாகாது என்று விலக்கியதற்கு இதுவே காரணம்.

3. குற்றப் பொறுப்பு: சட்டம் கேட்கும் கேள்வி

1843இல் டேனியல் மெக்நாட்டன் என்பவர் இங்கிலாந்துப் பிரதமர் ராபர்ட் பீலின் செயலரான எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஆட்சியிலிருந்த கட்சியினர் தம்மைத் துரத்துகின்றனர் என்னும் பொய் நம்பிக்கையில் அவர் மூழ்கியிருந்தார். மனநோயைக் காரணம் காட்டி அவர் விடுவிக்கப்பட்டமை பெருங்கொந்தளிப்பை எழுப்ப, பிரபுக்கள் அவை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் அளித்த விடைகளே மெக்நாட்டன் விதிகள் எனப்பட்டன. மனநோயால் தன் செயலின் தன்மையை அறியாதவன், அல்லது அறிந்தும் அது தவறு என்பதை அறியாதவன் விலக்குப் பெறுவான் என்பது அவ்விதிகளின் சாரம்.

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இவ்வழியிலேயே அமைந்தது. செயல் நிகழ்ந்த வேளையில், மனநிலைத் திரிபு காரணமாக, அச்செயலின் தன்மையையோ அது தவறானது அல்லது சட்டத்திற்கு மாறானது என்பதையோ அறிய இயலாதவர் செய்யும் எதுவும் குற்றமாகாது என்பது அதன் கருத்து. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் இதே அளவுகோலைத் தொடர்கிறது.

இவ்வளவுகோலின் உயிர்ச்சொல் ‘அறிதல்’ என்பதாகும். தடுக்க முடியாத உந்துதல் பற்றியோ, உணர்ச்சியற்ற தன்மை பற்றியோ இப்பிரிவு எதுவும் கூறவில்லை. ஆளுமைக் கோளாறு உடையவர் பொதுவாகத் தாம் செய்வது இன்னது என்றும், அது சட்டத்திற்கு மாறானது என்றும் அறிவார். அதனை மறைக்கவும் முயல்வார். ஆகவே சட்டத்தின் வாயிலிலேயே அவருடைய வாதம் நின்றுவிடுகிறது.

4. வகைப்பாடு மாற, வழக்கு மாறுதல்

மருத்துவப் பெயரையே சட்டம் முழுமையாக நம்பினால் என்ன நேரும் என்பதற்கு வாஷிங்டன் நகரின் பட்டறிவு சான்றாகும். 1954இல் டர்ஹாம் வழக்கில் அந்நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச் செயல் மனநோயின் அல்லது மனக்குறையின் விளைவாக இருந்தால் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. அறிதலை மட்டும் கேட்ட பழைய விதியினும் இது அறிவியலுக்கு இசைந்தது எனக் கருதப்பட்டது. ஆனால் எது மனநோய் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நடைமுறையில் மருத்துவரிடம் சென்றது. 1957இல் அங்குள்ள செயின்ட் எலிசபெத் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர், சமூக விரோத ஆளுமை மனநோய் அன்று என்று ஒரு வெள்ளிக்கிழமை சாட்சியமளித்தார். அடுத்த திங்கட்கிழமைக்குள் அதனை மனநோயாகக் கொள்வது என மருத்துவமனை தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பிளாக்கர் என்பவரின் கொலை வழக்கில், இந்த வகைப்பாட்டு மாற்றத்தைக் கருத்திற்கொண்டு 1959இல் மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

குற்றவாளியோ குற்றமோ மாறவில்லை. மருத்துவமனையின் வகைப்பாடு மட்டுமே மாறியது. ஒரு மனிதனின் பொறுப்பு வார இறுதி ஒன்றில் எடுக்கப்படும் நிருவாக முடிவைச் சார்ந்திருக்க இயலாது என்னும் குறை, டர்ஹாம் விதி 1972இல் கைவிடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்றாகும். நோயின் பெயரும் பொறுப்பின் அளவும் வேறு வேறு வினாக்களுக்கான விடைகள் என்பதே இதனால் பெறப்படும் கருத்து.

5. நார்வே வழக்கு: சொற்களே சான்றாதல்

இதே சிக்கல் 2011–12இல் நார்வேயில் மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. 2011 சூலை 22 அன்று ஆண்டர்ஸ் பேரிங் பிரெய்விக் ஓஸ்லோ அரசு வளாகத்தில் குண்டு வைத்து 8 பேரையும், உத்தோயா தீவில் நடைபெற்ற இளைஞர் முகாமில் 69 பேரையும் கொன்றார். அக்காலத்து நார்வே சட்டம் பிற நாடுகளின் சட்டங்களிலிருந்து வேறுபட்டது. செயல் நிகழ்ந்தபோது ஒருவர் மெய்ம்மையோடு தொடர்பற்ற சைக்கோசிஸ் நிலையில் இருந்தார் என்றாலே போதும். அந்நிலைக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை நிறுவ வேண்டியதில்லை. எனவே எந்த நோய் என்பதே வழக்கின் தலைவிதியாயிற்று.

நீதிமன்றம் அமர்த்திய முதல் இரு மருத்துவர்கள் அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக 2011 நவம்பரில் அறிக்கை அளித்தனர். பின்னர் அமர்த்தப்பட்ட வேறு இருவர், அவருக்குத் தன்மோக ஆளுமைக் கோளாறும் சமூக விரோதப் பண்புகளும் உண்டு, சைக்கோசிஸ் இல்லை என்று 2012 ஏப்ரலில் கூறினர். முதல் அறிக்கை ஏற்கப்பட்டால் அவர் மருத்துவமனைக்கு உரியவர். இரண்டாவது ஏற்கப்பட்டால் சிறைக்கு உரியவர். வழக்கமான நிலைகளும் தலைகீழாயின. அரசுத் தரப்பு மருத்துவக் காவலைக் கோர, குற்றவாளியின் வழக்கறிஞர்கள் அவர் தெளிந்த மனத்தினர் என்று வாதாடினர். தம் செயலை அரசியல் செயலாக நிலைநாட்ட விரும்பிய பிரெய்விக், நோயாளி என்னும் பெயரை இழிவாகக் கருதினார்.

தமிழாய்வாளர் சிறப்பாக நோக்கத்தக்க கூறு இவ்வழக்கில் உண்டு. பிரெய்விக் தம் எழுத்திலும் பேச்சிலும் பயன்படுத்திய விந்தையான சொல்லாக்கங்களை, மனச்சிதைவு நோயாளர் தாமே புனையும் சொற்களாக முதல் மருத்துவர்கள் கொண்டனர். தாம் ஒரு மறவர் அமைப்பைச் சேர்ந்தவர் என்னும் அவருடைய கூற்றைப் பித்தின் வெளிப்பாடாகக் கருதினர். தீவிர வலதுசாரி இயக்கங்களையும் இணையக் குழுக்களையும் அறிந்தோர் இச்சொற்களை வேறு வகையில் பொருள் கொண்டனர். அவை ஒரு தனி மனம் புனைந்தவை அல்ல; ஒரு குழுவினரிடையே வழங்கும் குழூஉக்குறிகள். சொல்லை அது வழங்கும் சூழலிலிருந்து பிரித்து நோக்கினால் நோயின் அறிகுறியாகத் தோன்றுவது, சூழலோடு சேர்த்து நோக்கினால் கொள்கையின் வெளிப்பாடாகத் தோன்றுகிறது. நீதிமன்றம் இரண்டாவது விளக்கத்தின் பக்கமே நின்றது. 2012 ஆகத்து 24 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பொறுப்புடையவர் என அறிவித்து, நீட்டிக்கத்தக்க 21 ஆண்டுத் தடுப்புக் காவல் விதித்தனர். நோயின் பெயரை மட்டுமே சார்ந்திருந்த அந்நாட்டு விதி, 2020இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் மாற்றப்பட்டது.

6. அறிதலும் உணர்தலும்

ஆளுமைக் கோளாறு உடையவர் அறிகிறார் எனினும் உணர்வதில்லை என்று வாதிடலாம். தமிழில் இவ்வேறுபாடு இயல்பாகவே அமைந்துள்ளது. ‘தெரிதல்’, ‘அறிதல்’, ‘உணர்தல்’ ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ‘அவனுக்குத் தெரியும், ஆனால் உறைக்காது’ என்னும் பேச்சு வழக்கு, மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் நிலையைச் சில சொற்களில் கூறிவிடுகிறது.

கனடாவில் இவ்வேறுபாடு நேரடியாக நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. அந்நாட்டுச் சட்டம் செயலின் தன்மையை வெறுமனே அறிதலை அன்றி, அதனை மதித்து உணர்தலைச் சுட்டும் சொல்லைக் கையாண்டது. ஆளுமைக் கோளாறும் மனநோய் என்னும் சட்டச் சொல்லுக்குள் அடங்கக்கூடும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூப்பர் வழக்கில் ஏற்றது. ஆயினும் 1981இல் கெல்ட்சன் வழக்கில் ஓர் எல்லை வகுத்தது. தன் செயல் விளைவிக்கும் உடல் துன்பத்தை முன்னறிந்து புரிந்துகொள்ளும் திறன் இருந்தால் போதும். இறந்தவருக்காக வருந்தும் உணர்ச்சி இல்லாமை விலக்குக்குக் காரணமாகாது என்பதே அவ்வெல்லை. நோய் என்னும் முதற்படியைக் கடந்தாலும், உணர்தல் என்னும் இரண்டாம் படியில் சைக்கோபதி வாதம் தடைபட்டது.

இத்தீர்ப்பில் நியாயம் உண்டு. இரக்கமின்மையே விலக்குத் தருமானால், கொடுமை மிகுந்தோறும் பொறுப்புக் குறையும் என்றாகிவிடும். மறுபக்கத்து வாதமும் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. பிறர் துன்பத்தை உணரும் ஆற்றலே அமையாத ஒருவர், அறவிதிகளை மனப்பாடம் செய்த அயல்நாட்டாரைப் போன்றவர். விதியை அறிவார், அதன் பொருளை அறியார். அத்தகையவரிடம் பிறரிடம் எதிர்பார்க்கும் அதே அளவை எதிர்பார்ப்பது நேர்மையா என்பதே அறிஞர் சிலர் எழுப்பும் வினா.

7. இந்திய நீதிமன்றங்களின் நிலைப்பாடு

இந்திய உச்ச நீதிமன்றம் மருத்துவ நோக்கிலான மனநோயையும் சட்ட நோக்கிலான மனநோயையும் தொடர்ந்து வேறுபடுத்தி வந்துள்ளது. மனநோய் உடையவர் என்பதாலேயே ஒருவர் விலக்குப் பெறுவதில்லை. செயல் நிகழ்ந்த வேளையில் அறியும் திறன் இல்லாதிருந்தது என்பதைக் காட்ட வேண்டும். இதனை 2011இல் சுரேந்திர மிஸ்ரா வழக்கில் நீதிமன்றம் வலியுறுத்தியது. 2008இல் ஹரி சிங் கோண்டு வழக்கில், வெறும் மனப்பிறழ்வோ தடுக்க முடியாத உந்துதலோ சைக்கோபதி உடையவரின் கட்டாயச் செயலோ 84ஆம் பிரிவின் பாதுகாப்பைப் பெறாது என்று தெளிவாகக் கூறியது. அப்பிரிவு காலத்தால் பின்தங்கிய 19ஆம் நூற்றாண்டு விதிகளையே சார்ந்துள்ளது என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டது. விதி பழையது என்று அறிந்தே அதனைச் செயற்படுத்தும் நிலை இது. இந்தியச் சட்ட ஆணையம் 1971இல் அளித்த 42ஆவது அறிக்கையில் இப்பிரிவை மாற்றப் பரிந்துரைக்கவில்லை.

மெய்ப்பிக்கும் சுமை பற்றியும் குறிப்பிடல் வேண்டும். விலக்குக்கான சூழ்நிலையைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். எனினும் ஐயத்திற்கிடமின்றி நிறுவ வேண்டியதில்லை, நிகழ்தகவு மேலோங்கினால் போதும் என்று 1964இல் தாயாபாய் வழக்கில் கூறப்பட்டது. செயலுக்கு முன்னும், செயலின்போதும், பின்னும் அவர் நடந்துகொண்ட முறை ஆராயப்படும். மருத்துவர் அவரைக் காண்பது பெரும்பாலும் கைதுக்குப் பின்னரே. எனவே செயல் நிகழ்ந்த வேளையின் மனநிலைக்குச் சான்றாவோர் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் ஆவர். அவர்கள் கையாளும் சொற்கள் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் ஆற்றல் பெறுவது இங்குதான்.

பொறுப்பு நிலையில் மூடப்பட்ட கதவு தண்டனை நிலையில் ஓரளவு திறக்கப்பட்டுள்ளது. மரண தண்டனை பெற்றவரின் மனநோய், அத்தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைக்கக் காரணமாகலாம் என்று 2014இல் சத்ருகன் சௌகான் வழக்கு கூறியது. தண்டனைக்குப் பின் தோன்றும் கடுமையான மனநோயும் கருதத்தக்கது என்று 2019இல் பெயர் மறைக்கப்பட்ட ஒரு குற்றவாளியின் வழக்கில் நீதிமன்றம் கூறியது. ஆனால் ‘கடுமையான மனநோய்’ என்பதற்கு அது எடுத்துக்காட்டியவை மனச்சிதைவு நோயும் அதனையொத்த நிலைகளுமே. ஆளுமைக் கோளாறு அவ்வரிசையில் இடம்பெறவில்லை. 2022இல் மனோஜ் வழக்கில், மரண தண்டனைக்குரிய குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரின் உளவியல் மதிப்பீட்டு அறிக்கையை விசாரணை நிலையிலேயே அரசு முன்வைக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ஆளுமைக் கோளாறு பற்றிய சான்று நீதிமன்றத்தினுள் நுழைவதற்கு இதுவே இன்று அகலமான வழியாகும்.

8. இருபுறமும் கூரான சான்று

அவ்வழியே நுழையும் சான்று, முன்வைத்தவருக்கே தீங்காகவும் முடியலாம். இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ‘குறைந்த பொறுப்பு’ என்னும் கருத்தைக் கொண்டுவந்தது. 1960இல் பைர்ன் வழக்கில், தன் பாலியல் உந்துதலை அடக்கும் ஆற்றல் குறைந்தவரும் அச்சட்டத்தின் பயனைப் பெறுவார் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. கொலைக்குற்றம், அதனினும் குறைந்த உயிர்ப்பறிப்புக் குற்றமாக மாற்றப்பட்டது. ஆயினும் ஆயுள் தண்டனை மாறவில்லை. அடக்க இயலாமை பழியைக் குறைத்தது. அதே அடக்க இயலாமை அவரை வெளியே விடலாகாது என்பதற்கும் காரணமாயிற்று.

அமெரிக்காவில் 1983இல் முடிவான பேர்ஃபுட் வழக்கு இதனினும் கடுமையானது. குற்றவாளியை நேரில் ஆராயாத மருத்துவர்கள், அவர் இனியும் வன்செயல் புரிவார் என்று மரண தண்டனை விசாரணையில் சான்றளித்தனர். நெடுங்கால எதிர்வுகூறல்களில் மூன்றில் இரண்டு தவறாகின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே எடுத்துரைத்தும், உச்ச நீதிமன்றம் அச்சான்றை ஏற்றது.

2012இல் சயின்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஆய்வொன்று இந்த இருமுகத் தன்மையை அளந்து காட்டியது. அமெரிக்காவின் 181 மாநில நீதிபதிகளிடம் சைக்கோபதி உடைய கற்பனைக் குற்றவாளி ஒருவரின் வழக்கு அளிக்கப்பட்டது. அந்நிலைக்கு உயிரியல் காரணம் உண்டு என்னும் விளக்கம் சேர்க்கப்பட்டபோது, சராசரித் தண்டனை ஏறத்தாழ 13.9 ஆண்டிலிருந்து 12.8 ஆண்டாகக் குறைந்தது. எனினும் நீதிபதிகளுள் பலர் அக்கோளாற்றைத் தண்டனையைக் கூட்டும் காரணமாகவே கருதினர். ஒரே சான்று, ‘அவன் என்ன செய்வான்’ என்னும் பரிவையும் ‘அவன் இன்னும் என்னென்ன செய்வானோ’ என்னும் அச்சத்தையும் ஒருங்கே எழுப்புகிறது.

9. தமிழ்க் கலைச்சொற்களும் சாட்சி மொழியும்

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சிகள் தமிழில் பேசுகின்றனர். வழக்கு மேல்முறையீடு செல்லுங்கால் அச்சொற்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படுகின்றன. இப்பயணத்தில் நான்கு சொற்கள் ஆராயத்தக்கன.

முதலாவது, ‘சித்த சுவாதீனம்’. சுவாதீனம் என்பது தன்வசமாயிருத்தல் என்னும் பொருளுடைய வடசொல். ஆகவே ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்பதன் நேர்ப்பொருள், மனம் தன்வசத்தில் இல்லாதவர் என்பதாகும். இது தற்கட்டுப்பாடு பற்றிய கூற்று. சட்டப்பிரிவின் அளவுகோலோ அறிதல் பற்றியது. ‘அவன் சுவாதீனத்தில் இல்லை’ என்று சாட்சி சொல்லும்போது, அறிந்தும் அடக்க இயலாத நிலையைச் சுட்டினாரா, அறியாத நிலையைச் சுட்டினாரா என்பது விளங்குவதில்லை. ஆளுமைக் கோளாறு வழக்கில் இவ்விரண்டன் வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கிறது. தமிழ்த்தொடர் விலக்குக்கு உரியவராகக் காட்டும் ஒருவரைச் சட்டம் விலக்குக்கு உரியவரல்லர் என்று தள்ளக்கூடும்.

இரண்டாவது, ‘சைக்கோ’. நாளிதழ்களிலும் திரைப்படங்களிலும் பெருவழக்காகிவிட்ட இச்சொல், மெய்ம்மையை இழந்த சைக்கோசிஸ் நிலையையும், மெய்ம்மையை நன்கறிந்த சைக்கோபதி நிலையையும் ஒன்றாக்கிவிடுகிறது. குற்றப் பொறுப்பைப் பொறுத்தவரை இவ்விரண்டும் எதிரெதிர் முனைகளில் நிற்பவை.

மூன்றாவது, ‘குணம்’. ஒருவரது இயல்பும் குணம். நோய் நீங்குதலும் குணம். ‘அவன் குணமே அப்படி’ என்னும் சாட்சியம், இயல்பு பற்றியது ஆதலால் பழிக்கு உரியவர் என்றும் கொள்ளப்படும். மாற்ற இயலாதது ஆதலால் பரிவுக்கு உரியவர் என்றும் கொள்ளப்படும். இயல்பா நோயா என்று மருத்துவம் இன்றும் விவாதிக்கும் எல்லையில்தான் இச்சொல்லும் நிற்கிறது.

நான்காவது, ‘ஆளுமை’. இன்றைய வழக்கில் இது பாராட்டுச் சொல். சிறந்த ஆளுமை, பேராளுமை என்பன புகழுரைகள். எனவே ‘ஆளுமைக் கோளாறு’ என்பது சாட்சிக்கும் வழக்காடிக்கும் தலைமைப் பண்பில் ஏதோ குறை என்பதுபோல் ஒலிக்கக்கூடும். கலைச்சொல் நிலைபெற்றுவிட்டமையால் அதனை மாற்றுதல் வேண்டுவதில்லை. வழங்கும் முதல் இடத்தில் விளக்கத்தோடு வழங்குதல் போதும்.

இவற்றை நோக்க, சட்டத் தமிழ் மூன்று வினாக்களுக்கு மூன்று தனிச்சொற்களைப் பேணுதல் இன்றியமையாதது. என்ன நிலை என்னும் மருத்துவ வினாவுக்கு நோயின் அல்லது கோளாற்றின் பெயர். அறிந்தாரா என்னும் சட்ட வினாவுக்கு ‘அறிதிறன்’. தம்மை அடக்கினாரா என்னும் வினாவுக்குக் ‘கட்டுப்பாட்டுத் திறன்’. சட்டம் இன்று இரண்டாவதை மட்டுமே பொறுப்புக்கு அளவுகோலாகக் கொள்கிறது. முதலாவதும் மூன்றாவதும் தண்டனை நிலையில் பேசத்தக்கன. மூன்றையும் ‘சுவாதீனம்’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கினால், சாட்சி கூறியது ஒன்றாகவும் நீதிமன்றம் பதிவு செய்தது வேறாகவும் ஆகிவிடும்.

10. முடிவுரை

ஆளுமைக் கோளாறு குற்றப் பொறுப்பை முற்றிலும் நீக்குவதாகப் பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. அறிதலை அளவுகோலாகக் கொண்ட சட்டத்தில் அது எதிர்பார்க்கத்தக்கதே. வாஷிங்டனில் மருத்துவப் பெயரை மட்டும் சார்ந்தபோது பொறுப்பு நிலையற்றதாயிற்று. நார்வேயில் சொற்களைச் சூழலிலிருந்து பிரித்தபோது கொள்கை நோயாகத் தோன்றியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோளாறு பற்றிய சான்று பழியைக் குறைக்கும் கருவியாகவும் அச்சத்தைக் கூட்டும் கருவியாகவும் பயன்பட்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் உளவியல் அறிக்கைகள் நீதிமன்றத்திற்கு வரத் தொடங்கியுள்ளன. அவற்றைத் தமிழில் விளக்க வேண்டிய தேவையும் கூடவே வளரும்.

மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் இடையே ஒரு மனிதர் நிற்கும் வழக்கில், அண்டை வீட்டார் கூறிய ஒரு சொல் எவ்வாறு பதிவாகிறது, எவ்வாறு பெயர்க்கப்படுகிறது என்பது மொழிநடை பற்றிய வினா மட்டுமன்று. அறிதல், உணர்தல், அடக்குதல் ஆகியவற்றைத் தெளிவாகப் பிரித்துக் கூறும் ஆற்றல் தமிழுக்கு இயல்பாகவே உண்டு. அவ்வாற்றலைச் சட்டக் கலைச்சொல்லாக்கத்தில் பயன்படுத்துதல் தமிழ்த்துறையும் சட்டத்துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். கீழமை நீதிமன்றச் சாட்சியப் பதிவுகளையும் அவற்றின் ஆங்கிலப் பெயர்ப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்வது அதற்கு முதற்படியாக அமையும்.